வேலை நாளில் ஸ்லோ குக்கர் இரவுச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்லோ குக்கர், அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரம், வாங்கிய முதல் மாதம் நான் சமைத்ததில் பாதியை வீட்டில் யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கோழி பஞ்சு பஞ்சாய்ப் பிரிந்தது. உருளைக்கிழங்கு நறுக்கென்று கடிபட்டது. கெட்டியாக வரவேண்டிய குழம்பு தண்ணீராய் ஓடியது. பழியைக் குக்கர்மேல் போட்டு அதைப் பரணில் ஏற்றியும்விட்டேன். பிறகொரு நாள், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறேன், மாலையில் எத்தனை மணிக்கு வந்து சேர்கிறேன் என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தபோதுதான் தப்பு எங்கே என்று பிடிபட்டது. குக்கரை இறக்கினேன். அதற்குப் பின் தெரிந்தவர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் கீழே இருப்பவை.

ஸ்லோ குக்கர் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துமா?

இல்லை. வெங்காயத்தை யாராவது உரித்துத்தான் ஆகவேண்டும், கறியை யாராவது கழுவித்தான் ஆகவேண்டும். ஸ்லோ குக்கர் செய்வதெல்லாம் அந்த வேலையை இடம் மாற்றுவதுதான். களைத்துப்போய் வீட்டுக்குள் நுழையும் மாலை ஏழு மணியில் செய்யவேண்டியதை முந்தின நாள் இரவுக்குத் தள்ளிவிடுகிறது. பசியோடு அடுப்பு முன் நிற்பதற்கும், சாப்பிட்டு முடித்து ஆற அமர நாளைக்கு நறுக்கி வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா, அதற்காகத்தான் இந்தப் பாத்திரம்.

'லோ', 'ஹை' என்று இருக்கிறதே, இரண்டுக்கும் சூட்டில் எவ்வளவு வித்தியாசம்?

கடைசியில் வந்து நிற்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது. பெரும்பாலான குக்கர்களில் இரண்டுமே கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 95 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் போய் நிற்கும். அந்த இடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதில்தான் வேறுபாடு. 'ஹை'யில் 3 முதல் 4 மணி நேரம், 'லோ'வில் 7 முதல் 8 மணி நேரம். 'ஹை'யில் ஒரு மணி நேரம் என்பது 'லோ'வில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

'வார்ம்' என்பது சமைப்பதற்கான நிலையே அல்ல. வெந்த உணவை 60 டிகிரிக்குக் குறையாமல் பிடித்து வைப்பதற்கு மட்டும்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாப்பாட்டை அதில் வைத்துச் சூடாக்கவும் கூடாது. சூடேற அது எடுத்துக்கொள்ளும் நேரம் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

சமையல் குறிப்பில் 6 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. நான் கிளம்பித் திரும்ப 10 மணி நேரம் ஆகிறது. என்ன செய்வது?

இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கவேண்டும். நான் முதல் மாதம் சறுக்கியதும் இங்கேதான். 'இன்றைக்கு என்ன சாப்பிடலாம்' என்று யோசித்துக் குறிப்பைத் தேடினால் ஸ்லோ குக்கர் கவிழ்த்துவிடும். 'எத்தனை மணி நேரம் வீட்டில் ஆள் இல்லை' என்று பார்த்து, அத்தனை மணி நேரம் தாங்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

ஆட்டுக்கறி, மாட்டுக்கறியில் தோள்பட்டை, முன்னங்கால் போன்ற, அதிகம் உழைத்த பகுதிகள் எட்டு ஒன்பது மணி நேரம் 'லோ'வில் கிடந்தாலும் கெடாது. இன்னும் மெத்தென்றுதான் ஆகும். தசைகளைப் பிணைத்திருக்கும் கொலாஜன் என்ற விறைப்பான பொருள் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்ல உருகி ஜெலட்டினாக மாறுகிறது; அந்த வழுவழுப்புதான் குழம்புக்குக் கெட்டித்தன்மையைக் கொடுக்கிறது. கோழியின் நெஞ்சுக்கறியில் அந்தக் கொலாஜன் அநேகமாக இல்லை. மூன்று மணி நேரத்தில் வெந்துவிடும், அதற்கப்புறம் ஒவ்வொரு மணி நேரமும் காய்ந்துகொண்டே போகும். சாறு நிறைய ஊற்றினாலும் காப்பாற்ற முடியாது. தொடைக்கறி, அதுவும் எலும்போடு இருந்தால், 6 முதல் 7 மணி நேரம் பொறுக்கும். முழுப் பருப்பு, கொண்டைக்கடலை, கிழங்குகள் நீண்ட நேரத்துக்கு நல்ல துணை.

இன்னொரு வழி, நேரம் முடிந்ததும் தானாகவே 'வார்ம்' நிலைக்கு மாறும் குக்கர். ஏழு மணி நேரம் வேகும், அதன்பின் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக இருக்கும். பத்து மணி நேரம் வெளியே இருப்பவர் இந்த ஒரு வசதிக்காக மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம். மற்ற பொத்தான்களை நான் தொட்டதே இல்லை.

அப்படியென்றால் டைமர் வைத்து, மதியம் 12 மணிக்கு ஆன் ஆகும்படி செய்தால்?

வேண்டாம். காலை எட்டு மணிக்கு வைத்த பச்சைக்கறி நான்கு மணி நேரம் அறைச் சூட்டில் உட்கார்ந்திருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். அவற்றில் சில விட்டுச்செல்லும் நச்சு, அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. வெந்து முடிந்ததும் 'வார்ம்' நிலைக்கு மாற்றும் டைமர் நல்லது, தொடக்கத்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

ராத்திரி தூங்கும்போது ஓடவிடலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் நான் இப்போது அதிகம் செய்வது இதைத்தான். இரவு பத்து மணிக்குப் போட்டால் காலை ஆறு மணிக்கு வெந்திருக்கும். அகலமான, ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்பலாம். மாலை அடுப்பில் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணினால் பத்து நிமிடத்தில் சாப்பாடு. மறுநாள் சாப்பிடும்போது மசாலா இறங்கி ருசியும் கூடியிருக்கும். ஒரே சங்கடம், விடிகாலை நான்கு மணிக்கு வீடெல்லாம் கமகமவென்று மணந்து பசியில் விழிப்பு வந்துவிடும்.

காலையில் எனக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். முந்தின இரவே எதையெல்லாம் செய்து வைக்கலாம்?

காய்களை நறுக்கி ஒரு டப்பா, கறியை வெட்டி மூடிய இன்னொரு டப்பா, மசாலாத் தூள்களைக் கலந்து ஒரு கிண்ணம். கறியும் காயும் தனித்தனியாக ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். காலையில் அடுக்கி, தண்ணீரோ வேகவைத்த சாறோ ஊற்றி, மூடி, பொத்தானை அமுக்கினால் முடிந்தது. தண்ணீரைச் சூடாக ஊற்றினால் ஆரம்பச் சூடு சீக்கிரம் ஏறும். குளிப்பதற்கு முன் போட்டு 'ஹை'யில் விட்டு, கிளம்பும்போது 'லோ'வுக்கு மாற்றுவது அதைவிட நல்லது.

எல்லாவற்றையும் குக்கரின் உள்ளே இருக்கும் பீங்கான் பாத்திரத்திலேயே போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் அப்படியே குக்கரில் இறக்கும் குறுக்குவழியைப் பலர் கேட்கிறார்கள். ஜில்லென்ற பீங்கானைச் சூடான அடிப்பாகத்தில் வைத்தால் விரிசல் விடக்கூடும். போதாததற்கு, அவ்வளவு குளிர்ந்த பாத்திரம் சூடேறவே அதிக நேரம் பிடிக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு செய்கிற மாதிரி ஒரு சாப்பாடு சொல்லுங்கள்.

அசைவம் இல்லாதது முதலில். ஒரு கப் முழு மசூர்ப் பருப்பு, நான்கு கப் தண்ணீர், இரண்டு வெங்காயம், இரண்டு கேரட், ஒரு பெரிய உருளைக்கிழங்கு, நான்கு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, அரை ஸ்பூன் மஞ்சள் தூள், ஒரு ஸ்பூன் சீரகத்தூள், இரண்டு ஸ்பூன் எண்ணெய். கிழங்கையும் கேரட்டையும் ஒரு அங்குலத்துக்குக் குறைவான துண்டுகளாக நறுக்கி அடியில் போடுங்கள். மற்றதெல்லாம் மேலே. 'லோ'வில் 8 மணி நேரம். வந்ததும் ஒரு தக்காளியைப் பொடியாக நறுக்கி, ஒரு கைப்பிடி கீரையோடும் உப்போடும் சேர்த்துக் கிளறி, 'ஹை'யில் 15 நிமிடம். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். தக்காளியை ஏன் காலையிலேயே போடவில்லை என்று கேட்பீர்கள்: புளிப்பு இருந்தால் பருப்பு லேசில் வேகாது. காலையிலேயே போட்டு, எட்டு மணி நேரம் கழித்தும் பருப்பு முழித்துக்கொண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கோழி என்றால், எலும்போடு தொடைக்கறி 800 கிராம், இரண்டு வெங்காயம், இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு குடைமிளகாய், முக்கால் கப் தண்ணீர், பிடித்த மசாலா, உப்பு. கிழங்கு அடியில், கறி மேலே. 'லோ'வில் 6 முதல் 7 மணி நேரம். தோலை எடுத்துவிடுங்கள்; இதில் தோல் மொறுமொறுப்பாகாது, ஈர ரப்பர் மாதிரி மிதக்கும். சந்தேகம் இருந்தால் கறியின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள், 74 டிகிரி காட்டவேண்டும்.

ராஜ்மாவை ஊறவைத்து நேராகப் போடலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ராஜ்மாவில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப்புரதம் இருக்கிறது. சரியாக வேகாத நான்கைந்து மணிகளே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் அதைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கும் வரும். கொதிக்கும் தண்ணீரில் அது அழிந்துவிடும். ஆனால் 80 டிகிரி போன்ற அரைகுறைச் சூட்டில் வெந்தால், பச்சையாக இருந்ததைவிட நச்சின் வீரியம் ஐந்து மடங்குவரை ஏறலாம். கொதிநிலையை நெருங்குவதற்கு முன் ஸ்லோ குக்கர் நெடுநேரம் அந்தச் சூட்டை ஒட்டியே இருக்கலாம். மணி மெத்தென்று மசிவதால் வெந்துவிட்டது என்று நம்பிவிடுவோம், அதுதான் பொறி.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் முறை: குறைந்தது 5 மணி நேரம் ஊறவையுங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள், புதுத் தண்ணீர் விட்டு அடுப்பில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம். டின்னில் அடைத்து வருவது ஏற்கெனவே வெந்தது, அதை அப்படியே போடலாம். மசூர் போன்ற சின்னப் பருப்புகளுக்கு இந்த முன்கொதிப்பு தேவையில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாதனமே பீன்ஸுக்காகப் பிறந்தது. இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1940-ல் காப்புரிமை பெற்ற மின்பாத்திரம் பின்னால் 'நாக்சன் பீனரி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. லித்துவேனியாவில் பேக்கரி அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவு முழுக்க வெந்த பீன்ஸ் குழம்பைப் பற்றி வீட்டில் சொல்லக் கேட்டதுதான் அவருக்குப் பொறி தட்டியதாம். 1970-ல் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது, 1971-ல் 'க்ராக்-பாட்' என்று பெயர் மாற்றிக் கடைக்கு அனுப்பியது. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிக்கொண்டிருந்த காலம், விற்றுத் தீர்ந்தது.

ஃப்ரீசரில் உறைந்த கறியை நேராகப் போடலாமா?

போடாதீர்கள். உறைந்த கட்டி பாத்திரம் முழுவதையும் மணிக்கணக்கில் ஆபத்தான சூட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு கைப்பிடி உறைந்த பட்டாணியைக் கடைசியில் போடுவது வேறு விஷயம், அது பரவாயில்லை.

எல்லாவற்றையும் முதலில் வதக்கித்தான் போடவேண்டுமா?

வேண்டும் என்பதில்லை, வதக்கினால் ருசி. கறியும் வெங்காயமும் பொன்னிறமாகும்போது வரும் அந்த மணம் சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் பிறக்கும். ஸ்லோ குக்கர் 100-ஐத் தாண்டாது, அதனால் எட்டு மணி நேரம் வைத்தாலும் அந்த மணம் தானாக வராது. நான் வார நாளில் வெங்காயத்தை மட்டும் வதக்குவேன், அதையும் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வதக்கிச் சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் போட்டு வைப்பேன். கொத்துக்கறி மட்டும் விதிவிலக்கு. வதக்காமல் போட்டால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், கொழுப்பும் மேலே மிதக்கும்.

எப்போது பார்த்தாலும் தண்ணீராகவே இருக்கிறதே?

அடுப்புச் சமையலின் அளவையே ஊற்றியிருப்பீர்கள். இங்கே மூடியில் மோதும் ஆவி திரும்ப உள்ளேயே சொட்டுகிறது, காயும் கறியும் தங்கள் பங்குக்கு நீர் விடுகின்றன. அடுப்புக் குறிப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறையுங்கள். பருப்பும் அரிசியும் தண்ணீரைக் குடிப்பவை, அவற்றுக்குக் குறைக்காதீர்கள்.

ஏற்கெனவே தண்ணீராகிவிட்டதா? வெந்த கிழங்கில் நான்கு துண்டை மசித்து அதிலேயே கலந்துவிடுங்கள். அல்லது ஒரு மேசைக்கரண்டி சோளமாவை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, மூடியைத் திறந்துவைத்து 'ஹை'யில் 20, 30 நிமிடம்.

கறி வெந்துவிட்டது, காய் வேகவில்லை. தலைகீழாக அல்லவா நடக்கவேண்டும்?

அடுப்பில் அப்படி. இங்கே கிழங்கு வகைதான் பிடிவாதக்காரர். காயைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் 85 டிகிரி வாக்கில்தான் இளகத் தொடங்கும், கறியோ அதற்கு முன்பே வெந்துவிடுகிறது. ஆகவே கிழங்கும் கேரட்டும் சிறு துண்டுகளாக, சூடு நேராகப் படும் அடியிலும் ஓரத்திலும் போகவேண்டும்.

கடைசியில் மட்டும் சேர்க்கவேண்டியவை எவை?

பால், தயிர், க்ரீம், சீஸ் எல்லாம் கடைசி அரைமணி நேரம். முன்பே சேர்த்தால் திரிந்துவிடும். தேங்காய்ப்பாலும் அப்படியே. மீனும் இறாலும் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். பாஸ்தா 20 முதல் 30 நிமிடம், அதை நான் தனியாக வேகவைத்தே சேர்ப்பேன், இல்லாவிட்டால் பசை. கீரையும் பச்சை இலைகளும் இறக்கும்போது.

எட்டு மணி நேரம் வெந்தும் சப்பென்று இருக்கிறது.

நீண்ட சூட்டில் தூள் மசாலாக்களின் வாசனை மங்கும். முழு மசாலா நேரெதிர், ஊறி ஊறிக் கசப்புவரை போகும். தூளில் பாதியைக் காலையிலும் மீதியைக் கடைசி அரைமணியிலும் போடுங்கள். கிராம்பு, பட்டையை வழக்கத்தில் பாதியாகக் குறையுங்கள். அப்புறம் உப்பைக் கடைசியில் சரிபார்த்து, எலுமிச்சையோ வேறு புளிப்போ கொஞ்சம். சப்பென்ற சாப்பாட்டுக்குப் பத்தில் எட்டு தடவை குறைவது அந்தப் புளிப்புதான்.

நடுவில் திறந்து கிளறலாமா?

வெளியே இருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்தான் பத்து தடவை திறப்பார். ஒவ்வொரு தடவையும் சமையல் 15 முதல் 30 நிமிடம் நீளும். கண்ணாடி மூடி வழியாகப் பாருங்கள்.

ஆள் இல்லாத வீட்டில் ஓடவிட்டுப் போகப் பயமாக இருக்கிறது. மின்சாரமும் நிறைய இழுக்குமோ?

ஆளில்லாமல் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது என்றாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சமமான, சூடு தாங்கும் மேடையில் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் செருகாதீர்கள். வயர் நைந்திருந்தால் மாற்றும்வரை தொடாதீர்கள். பாத்திரத்தில் பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேற்படாமலும் நிரப்புங்கள்.

செலவைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 'லோ'வில் 150 வாட் இழுக்கும் குக்கர் எட்டு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். அதே மின்சாரத்தில் 2,000 வாட் ஓவன் ஒன்று 36 நிமிடம்தான் ஓடும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் மின்சாரம் போயிருக்கிறது. சாப்பிடலாமா?

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டால், வெந்த மாதிரி தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். மனசு வலிக்கும், எனக்கும் ஒரு முறை ஒரு கிலோ கறி போனது. குக்கரில் எண்கள் மின்னிக்கொண்டிருந்தால் மின்சாரம் போய்வந்ததற்கு அதுவே சாட்சி. திருகும் குமிழ் வைத்த குக்கர் காட்டிக்கொடுக்காது, அதே இணைப்பில் ஒரு மலிவான மின்கடிகாரம் இருந்தால் தெரியும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது போனால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றி முடித்துவிடலாம்.

பழைய குக்கர் ஒன்று கிடைத்தது. சூடு சரியாக ஏறுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, மூடி, 'லோ'வில் 8 மணி நேரம் விடுங்கள். திறந்த உடனே வெப்பமானியை விடுங்கள். 85 முதல் 93 டிகிரிக்குள் இருந்தால் நம்பலாம். 85-க்குக் கீழே என்றால் அதில் கறி சமைக்கவேண்டாம். ரொம்ப மேலே போனால், குறிப்பில் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வெந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அளவு வாங்குவது?

இரண்டு மூன்று பேருக்கு 3 முதல் 3.5 லிட்டர். நான்கைந்து பேர், அல்லது மறுநாளுக்கும் சேர்த்துச் செய்பவர் என்றால் 5 முதல் 6 லிட்டர். பெரியதை வாங்கிக் கால்வாசி நிரப்பினால் ஓரம் காய்ந்து கருகும்.

மல்ட்டி குக்கரில் இருக்கும் 'ஸ்லோ குக்' பொத்தான் போதாதா?

போதும், ஆனால் ஒரே மாதிரி வேகாது. அதில் சூடு அடியிலிருந்து மட்டும் வருகிறது, ஸ்லோ குக்கரில் சுற்றுச்சுவரிலிருந்தும் வருகிறது. முதல் தடவை விடுமுறை நாளில், பக்கத்தில் இருந்து செய்து பாருங்கள்.

அடி பிடித்த பீங்கானைக் கழுவுவதற்குள் போதும் போதும் என்றாகிறது.

சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். ஆறியபின் வெந்நீரும் சோப்பும் விட்டு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டு 'லோ'வில் இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள், கறை தானே உரிந்து வரும். அடுத்த முறை அடியில் எண்ணெய் தடவ மறக்காதீர்கள். நான் இன்னும் மறந்துகொண்டுதான் இருக்கிறேன்.